ஐந்து வாட் போதும்: கையால் வயரிங் செய்த வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரைச் சென்னையில் கட்டும் முறை

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் நின்று ‘டியூப் இருக்கிறதா’ என்று கேட்டால், டியூப் லைட் விற்கும் கடைக்கு வழி காட்டக்கூடும். ‘வால்வு’ என்று கேட்க வேண்டும்; பழைய ரேடியோக்களில் ஒளிரும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் அது. கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் ‘டியூப் ஆம்ப்’ என்று சொன்னாலும், ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு அது இன்றும் வால்வுதான். பாதி உதவி அவர்களிடமிருந்தே கிடைக்கப் போவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன். ஓரளவு சால்டரிங் தெரிந்த, ஆனால் வால்வு கருவி எதையும் திறந்து பார்த்திராத ஒருவர், கிளாசிக் ராக் வாசிப்பதற்கு ஏற்ற சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பழைய முறையில், அச்சிட்ட போர்டு இல்லாமல், கையாலேயே வயரிங் செய்து முடிப்பதற்கான வழி இது.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்குள் 340 முதல் 460 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். எனவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளக்கைக் கழற்றி, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளால் முதல் கண்டென்சரின் (ரெக்டிஃபயரை ஒட்டியுள்ள பெரிய கண்டென்சரின்) இரு முனைகளிலும் பத்து விநாடி மாட்டி வைத்து, பிறகு மல்டிமீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் கறுப்பு முனையைச் சேசிஸில் (உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்) கிளிப்பால் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, மறு கையைச் சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். வீட்டில் யாராவது உடனிருக்கட்டும். இதில் சோம்பல்படுபவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. கட்டி முடித்த ஆம்ப்ளிஃபயர்களும் விலைக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன.

எந்தச் சர்க்யூட்

கிளாசிக் ராக் என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது 100 வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் அதன் கீழ் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளும்தான். ஆனால் அந்த ஒலியின் வேர் சற்று வேறு இடத்தில் இருக்கிறது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையைச் சேர்ந்தவர்கள் தங்களுடைய முதல் ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்தபோது, அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தங்கள் ஊரில் கிடைத்த டிரான்ஸ்பார்மரையும் செலஸ்டியன் ஸ்பீக்கரையும் ஈசிசி83 வால்வையும், பின்னர் கேடி66 வால்வையும் பொருத்தியபோது ஒலியின் குணமே மாறிவிட்டது. உள்ளூரில் கிடைப்பதை வைத்துக் கட்டுவது இந்தக் கலையில் குறையாகவே கருதப்படவில்லை என்பதைச் சென்னையில் கட்டப்போகும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதியவருக்கு நான் சொல்வது 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயராக ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள். ஒரே ஒரு வால்யூம் குமிழ். டோன் குமிழ்கூட இல்லை. ஏறத்தாழ ஐந்து வாட் திறன். ‘ஐந்து வாட்டில் என்ன கேட்கும்’ என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு: ஒரு வாட்டுக்கு 97 டெசிபெல் தரும் சாதாரணமான 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர், ஐந்து வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 104 டெசிபெல் தரும். வடபழனியிலோ வேளச்சேரியிலோ உள்ள அடுக்ககத்தில் அது கீழ்வீட்டார் மேலே ஏறி வருவதற்குப் போதுமான சத்தம். வால்வு ஆம்ப்ளிஃபயரின் அழகு அதை அதன் எல்லைக்குத் தள்ளும்போதுதான் வெளிப்படுகிறது. 50 வாட் கருவியை அந்த எல்லைக்குக் கொண்டு போக இந்நகரில் வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறையைத் தவிர வேறு இடம் இல்லை.

இதைக் கட்டிப் பழகிய பின் இரண்டு 6வி6 கொண்ட 5இ3 சர்க்யூட்டுக்கோ, இரண்டு இஎல்84 கொண்ட மார்ஷலின் 18 வாட் சர்க்யூட்டுக்கோ போகலாம். பிரிட்டிஷ் ராக் ஒலியே வேண்டுமென்பவருக்கு இரண்டாவது பொருத்தம்.

கையால் வயரிங் செய்தால் ஒலி தானாகவே உயர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. நன்றாக வடிவமைத்த அச்சுப் போர்டும் அதே ஒலியைத் தரும். கையால் கட்டுவதன் உண்மையான பயன் பழுதுபார்ப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ரெசிஸ்டரும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதால், கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி அலையாமல் உங்கள் தெரு மெக்கானிக்கோ நீங்களோ பத்து நிமிடத்தில் அதை மாற்றிவிடலாம்.

நம் ஊருக்கென்று மாற்ற வேண்டியவை

இணையத்தில் கிடைக்கும் பழைய அமெரிக்க வரைபடங்கள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக வரையப்பட்டவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே சுற்றிய டிரான்ஸ்பார்மரை ஸ்டெப்-டவுன் வழியாக ஓட்டினால் அது கூடுதலாகச் சூடாகும் என்பதால், பவர் டிரான்ஸ்பார்மரைத் தொடக்கத்திலிருந்தே 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வோல்ட் அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. என் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு 220 வோல்ட் பிரைமரி (உள்வரும் பக்கச் சுருள்) கொண்ட டிரான்ஸ்பார்மரை வாங்கினேன். சுமை குறைந்த பின்னிரவுகளில் எங்கள் வீட்டு லைன் 245 வோல்ட்டைத் தொடும். அப்போது 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டரில் (வால்வைச் சூடாக்கும் இழையில்) 7 வோல்ட் ஓடியது. ஹீட்டருக்கான சகிப்பு ஏறத்தாழப் பத்து சதவீதம், அதாவது 5.7 முதல் 6.9 வரைதான், அதற்கு மேல் வால்வின் ஆயுள் குறையும். ஆகவே 240 வோல்ட் பிரைமரி உள்ள டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு லைனைக் காலை, மாலை, நள்ளிரவு என மூன்று வேளை அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது எதிரி ஈரப்பதம். பழைய ஃபெண்டர்களில் உறுப்புகளைப் பொருத்தியது கறுப்பு ஃபைபர் அட்டையில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்கு அந்தக் கசிவு போய்ச் சேர்ந்தால் காரணமே தெரியாத கரகரப்பு வரும். ‘அசல் போலவே’ இருக்க வேண்டும் என்று அந்த அட்டையைத் தேடி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் அவர்களுக்கே புரிந்துவிடும். கிளாஸ் எபாக்ஸி போர்டில் டரட் எனும் சிறு உலோகக் கம்பங்களை அடித்துப் பயன்படுத்துங்கள். அதே காரணத்துக்காக, ஈரத்தில் மதிப்பு விலகிப்போகும் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களைத் தவிர்த்து மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் போடலாம், இரைச்சலும் குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்கு அருகில் இருப்பவர்கள் ஜன்னல் கம்பிகளின் நிலையை ஒருமுறை பார்த்துவிட்டு, இரும்புச் சேசிஸுக்குப் பதிலாக அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது எர்த். பழைய கருவிகளின் இரண்டு முள் பிளக்கையும், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போடப்பட்ட கண்டென்சரையும் ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். மூன்று முள் பிளக், எர்த் வயர் நேராகச் சேசிஸில் தனிப் போல்ட்டில், ஃபேஸ் வயரில் 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், அதன் பின் சுவிட்ச் என்பதே முறை. பல பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபாருங்கள். கிட்டாரின் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் வாய் வைக்கும் பாடகருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் இக்கருவியை ஓட்ட வேண்டாம். டிரான்ஸ்பார்மர் உறுமும், ஸ்பீக்கரிலும் அது கேட்கும்.

பொருள் சேர்த்தல்

ரெசிஸ்டர், கண்டென்சர், டேக் ஸ்ட்ரிப், இன்சுலேஷன் ஸ்லீவ், ஃபியூஸ் ஹோல்டர், பொட்டென்ஷியோமீட்டர் ஆகியவற்றை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் ஒரே மாலையில் சேர்த்துவிடலாம். கண்டென்சர் வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். கடைக்காரர் 450 வோல்ட் கண்டென்சரைத்தான் எடுத்துக் கொடுப்பார். இந்தச் சர்க்யூட்டில் டிரான்ஸ்பார்மர் 325-0-325 வோல்ட் தரும். 325இன் உச்சம் ஏறத்தாழ 460. சுவிட்ச் போட்டதும் 5ஒய்3 விரைவில் சூடாகி மின்னழுத்தத்தை அனுப்பத் தொடங்கிவிடும், மற்ற வால்வுகள் சூடாகிச் சுமையை ஏற்கும்வரை சில விநாடிகள் அந்த முழு 460 வோல்ட்டும் கண்டென்சரின் மேல் நிற்கும். ஆகவே எச்.டி. (உயர் மின்னழுத்தப் பகுதி) கண்டென்சர்கள் 500 வோல்ட் தரத்தில் இருக்க வேண்டும். முதல் கண்டென்சரின் அளவு 16 முதல் 22 மைக்ரோஃபாரடுக்குள் இருக்கட்டும். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 100 போட்டால் 5ஒய்3 தாங்காது.

வால்வுகளைப் புதிதாகவே வாங்குவது நல்லது. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் தயாராகும் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சீனத் தயாரிப்புகள் ஆகியவை கிடைக்கின்றன. 12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒன்றே. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ஈசிசி83, இஎல்84 முதலிய வால்வுகளைத் தயாரித்தது. பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரின் அலமாரியில் அவை அட்டைப் பெட்டியோடு இன்னும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நட்டமில்லை.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் ஒலியில் பெரும் பங்கு வகிப்பது. இறக்குமதி செய்தால் எடையால் தபால் செலவு ஏறும். இங்கேயே சுற்றித் தரும் வைண்டிங் கடைகள் உண்டு. ஆனால் அவர்களிடம் இரண்டு விஷயங்களை எழுதியே கொடுக்க வேண்டும். பிரைமரி 5,000 முதல் 8,000 ஓம், செகண்டரி (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) 4 மற்றும் 8 ஓம் என்பது ஒன்று. இது ஒற்றை வால்வு சர்க்யூட் என்பதால் நேர்மின்னோட்டம் எப்போதும் சுருளில் ஓடும், ஆகவே கோரின் (நடுவிலுள்ள இரும்பு அடுக்கின்) தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்காமல் ஒரே பக்கமாக அடுக்கி, நடுவில் காகித இடைவெளி விட வேண்டும் என்பது மற்றொன்று. எனக்குச் சுற்றித் தந்தவர் வழக்கமான பழக்கத்தில் மாற்றி அடுக்கிவிட்டார்; கோர் தன் காந்தச் செறிவின் எல்லையை எட்டி, ஆறாவது கம்பியின் ஒலி தகர டப்பாவைத் தட்டியதுபோல வந்தது. தகடுகளைப் பிரித்து அடுக்கிய பிறகு அதே டிரான்ஸ்பார்மர் ஒழுங்காகப் பாடியது.

சேசிஸைக் கிண்டி அல்லது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வளைத்துத் தரும் பட்டறையில் செய்துகொள்ளலாம். துளைகளின் அளவைக் காகிதத்தில் வரையாமல், வாங்கிய வால்வு பேஸ்களையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கட்டுதல்

டிரான்ஸ்பார்மர்களைக் கடைசியாக மாட்டுங்கள். முதலிலேயே மாட்டினால் ஐந்து கிலோ எடையைப் புரட்டிப் புரட்டி வேலை செய்ய நேரிடும். ஆனால் இடத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பவர் டிரான்ஸ்பார்மர் ஒரு கோடியில், இன்புட் ஜாக் மறு கோடியில், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் கோர் பவர் டிரான்ஸ்பார்மரின் கோருக்குச் செங்குத்தாக.

வயரிங்கில் ஹீட்டர்தான் முதல். இரண்டு வயர்களை இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டு போங்கள். 6வி6 வால்வில் 2, 7 ஆம் பின்கள். 12ஏஎக்ஸ்7 வால்வில் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு வயர், 9இல் மற்றொன்று. அசல் சர்க்யூட்டில் ஹீட்டரின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். அதை நகலெடுத்தால் அதன் உறுமலையும் சேர்த்தே நகலெடுக்கிறோம். இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சர்க்யூட்டின் பொது முனையான கிரவுண்டுக்குக் கொண்டு வாருங்கள்.

பிறகு போர்டை வெளியிலேயே முழுமையாகக் கட்டிவிட்டு உள்ளே பொருத்தலாம். 60 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். 25 வாட்டில் தடித்த டரட் சூடேறாது, ஈயம் மேலே மணியாக உருண்டு நிற்கும், அது பற்று அல்ல. ஈயம் பரவி மினுங்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் முடித்ததும் வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் வரைந்துகொண்டே வந்தால், இரவு பத்து மணிக்கு விட்ட இடம் மறுநாள் தெரியும். முதல் கண்டென்சரின் குறுக்கே 220 கிலோஓம் 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். சுவிட்சை அணைத்த ஒரு நிமிடத்துக்குள் தேங்கிய மின்சாரத்தைப் பெரும்பாலும் வடித்துவிடும். அது இருக்கிறது என்பதற்காக மீட்டரால் அளப்பதை விட்டுவிடக் கூடாது.

முதல் முறை மின்சாரம் கொடுத்தல்

மோட்டார் வைண்டிங் கடைகளில் பயன்படுத்தும் சீரிஸ் லேம்ப் போர்டு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்: ஃபேஸ் வயரில் தொடராக 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், டிரான்ஸ்பார்மர் பிழைத்துக்கொள்ளும். மனிதரை ஷாக்கிலிருந்து இது காப்பாற்றாது என்பதை மறக்க வேண்டாம்.

வால்வு எதையும் செருகாமல் முதலில் சுவிட்ச் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். ஏ.சி. அளவில் ஹீட்டர் பின்களில் 6.3 வோல்ட்டுக்குச் சற்று மேல், 5ஒய்3 ஹீட்டரில் 5 வோல்ட்டுக்குச் சற்று மேல், எச்.டி. சுருளின் இரு பக்கமும் சமமாக 325 வோல்ட்டை ஒட்டி வந்தால் நல்லது. அணைத்து, வடித்து, அளந்த பின் ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் ஓட்டக் கூடாது; சுமையற்ற அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் மின்னழுத்தம் அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

இப்போது மூன்று வால்வுகளையும் செருகிச் சுவிட்ச் போட்டு, 6வி6இன் உள்தகட்டைப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இயல்பானது; தகடே சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், அவுட்புட்டின் ஒரு பகுதியை முன்னால் திருப்பி அனுப்பும் நெகட்டிவ் ஃபீட்பேக் தலைகீழாகப் போயிருக்கிறது. அணைத்துவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் நின்றுவிடும்.

எல்லாம் அமைதியாக இருந்தால் சீரிஸ் லேம்பை நீக்கிவிட்டு உண்மையான அளவுகளை எடுங்கள். முதல் கண்டென்சரில் 340 முதல் 360 வோல்ட், 12ஏஎக்ஸ்7இன் பிளேட்டுகளில் (உள்தகடுகளில்) 130 முதல் 200, எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடுகளில் 1 முதல் 2, 6வி6இன் கேத்தோடில் 17 முதல் 21 வரை இருக்கலாம். கடைசி எண்ணிலிருந்து வால்வு எவ்வளவு உழைக்கிறது என்று கணக்கிடலாம். 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 19 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். அதில் வால்வின் மற்றொரு முனையான ஸ்கிரீனுக்கு இரண்டு மூன்றைக் கழித்தால் 38 அளவில் நிற்கும். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தால் 11.4 வாட். 6வி6இன் பழைய அளவுகோல் 12 வாட் என்பதால் இது சரி. மிகுந்தால் கேத்தோடு ரெசிஸ்டரை 560 ஓமாக உயர்த்துங்கள்.

இரைச்சல்

கட்டியவர்களில் பெரும்பாலோர் உறுமலோடுதான் தொடங்குவார்கள். அதன் சுருதியைக் கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுருதிக்கு ஒட்டி இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ்: எச்.டி. ஃபில்டர் கண்டென்சரையோ அதன் கிரவுண்டையோ பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் வயரிங், அல்லது இன்புட் வயர் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் போவது. பவர் சப்ளையின் கிரவுண்டை டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும், முன் நிலையின் (12ஏஎக்ஸ்7 பகுதியின்) கிரவுண்டை இன்புட் ஜாக் அருகிலும் தனித்தனியே சேர்ப்பது பெரும்பாலான தொல்லையைத் தீர்க்கும். மெயின்ஸ் எர்த் போல்ட்டில் இவற்றை மாட்டாதீர்கள்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழ் அழுக்கு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னுள்ள, ஒலியை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டென்சர் நேர்மின்னோட்டத்தைக் கசியவிடலாம். வால்வின் மேல் பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணி அடித்ததுபோல ஸ்பீக்கரில் கேட்டால், அந்த 12ஏஎக்ஸ்7 மாற்ற வேண்டியது.

வாசிப்பு

அசலில் இருந்தது 8 அங்குல ஸ்பீக்கர். 12 அங்குலத்தில் இந்தச் சிறு கருவி பெரியதாகக் கேட்கும். ஓம் அளவு டிரான்ஸ்பார்மரின் முனையோடு பொருந்தினால் போதும். ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஏழு எட்டுக்கு வைத்துவிட்டு, மீதியைக் கிட்டாரின் வால்யூம் குமிழால் செய்யுங்கள்: ஐந்தில் ரிதம் தெளிவாக இருக்கும், பத்தில் சோலோ உடைந்து பாடும். எஃபெக்ட் பெடல்களுக்குப் பழகிய கைக்கு இது பிடிபட இரண்டு வாரமாவது ஆகும். மேல்தளம் வேறு, கீழ்த்தளம் வேறு என்று குடியிருப்பவர்கள் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஒலி கொஞ்சம் மந்தமாகும், உறவு கெடாது.

பெட்டியின் பின்புறம் திறந்திருக்க வேண்டும். மே மாதத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் உள்ளே வெப்பம் தேங்கும். மாதக்கணக்கில் வாசிக்காமல் மூடி வைப்பதைவிட, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துவிடும். எடுத்த மின்னழுத்த அளவுகள் அனைத்தையும், அளந்த தேதியோடும் அன்றைய லைன் வோல்ட்டோடும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அருகிலேயே ஒரு சிறு உறையில் இரண்டு ஃபியூஸ்களும் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வும் இருக்கட்டும்.